ஃபர்னேஸ் நின்றுவிட்டதா? பாதுகாப்புச் சுவிட்ச் பழுதைக் கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

டொராண்டோவின் ஜனவரி இரவில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னேஸ் நின்றுவிட்டால், பெரும்பாலானோர் முதலில் செய்வது அதன் பக்கத்திலுள்ள சுவிட்சை அணைத்து மறுபடி போடுவதுதான். சில நேரம் அது ஓடத் தொடங்கிவிடும். அரை மணி நேரத்தில் மீண்டும் நிற்கும். நான்கைந்து தடவை இப்படிச் செய்து அலுத்த பிறகு என்னை அழைப்பார்கள். அதற்குள், பழுது எங்கே என்று சொல்லியிருக்கக்கூடிய தடயம் பல நேரங்களில் அழிந்திருக்கும்.

எரிவாயு வேலைக்கான ஜி2 உரிமத்துடன் ஸ்கார்பரோ, மார்க்கம் பகுதி வீடுகளில் ஃபர்னேஸ் பழுது பார்க்கிறேன். வேலை பழக வரும் இளைஞர்களும் வீட்டுக்காரர்களும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். புகையை வெளியே இழுக்கும் இழுவையைக் கண்காணிக்கும் பிரஷர் சுவிட்சில் பழுது என்று ஃபர்னேஸ் காட்டினால், உடனே பிரஷர் சுவிட்சை மாற்றுகிறார்கள். பாதுகாப்புச் சுவிட்ச் திறந்துகொண்டது என்றால், அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது என்பதே பெரும்பாலும் பொருள். அது எதைக் கண்டு திறந்தது என்பதைத்தான் தேட வேண்டும்.

இங்கே சொல்வது, வீடு முழுவதும் குழாய் வழியாகச் சூடான காற்றை அனுப்பி, வெள்ளை பிவிசி குழாய் வழியாகப் புகையை வெளியேற்றும் உயர்திறன் எரிவாயு ஃபர்னேஸுக்கு. படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படியில் தெரிந்துகொண்டதை வைத்துத்தான் நடக்கிறது.

1. கருவியை எடுப்பதற்கு முன்: வீட்டைவிட்டு வெளியேற வேண்டிய நிலைகள்

அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அது எரிவாயுக் கசிவு. எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். விளக்கைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சுவிட்சின் உள்ளே எழும் சிறு பொறியே போதும், வாயு பற்றிக்கொள்ள. எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெளியேறி, தெருவில் நின்று 911-ஐயோ எரிவாயு நிறுவனத்தின் அவசர எண்ணையோ அழையுங்கள்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தாலும் இதேதான். அந்த வாயுவுக்கு மணமோ நிறமோ கிடையாது. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று தொடங்கும். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு அதுவும் தெரியாது. வெளியே குளிர்கிறதே என்று, கதவை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருக்காதீர்கள். ஒன்டாரியோவில் படுக்கையறைகளுக்கு அருகே இந்த அலாரம் இருப்பது சட்டப்படி கட்டாயம். உங்கள் வீட்டில் இல்லையென்றால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு முதலில் அதை வாங்கி வாருங்கள்.

ஃபர்னேஸின் முன்பக்கத் தகட்டில் கரி படிந்திருந்தாலோ, வாயு எரியும் பர்னருக்கு அருகே வயர் கருகியிருந்தாலோ, சுடர் பர்னர் அறையைவிட்டு வெளியே எட்டிப் பார்த்தாலோ, தெர்மோஸ்டாட்டையும் ஃபர்னேஸ் சுவிட்சையும் அணைத்துவிட்டு உரிமம் பெற்றவரை அழையுங்கள். இதற்கு அப்பால் வீட்டுக்காரர் செய்ய எதுவும் இல்லை.

2. கையில் இருக்க வேண்டியவை

டார்ச், கைபேசி, தாளும் பேனாவும், ஒரு புதிய ஃபில்டர், சிறு வாளி, பழைய துணி, ரப்பர் கையுறை, திருப்புளி, இறைச்சி வேகும் சூட்டைப் பார்க்கும் சமையலறைத் தெர்மாமீட்டர். மல்டிமீட்டர் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் அதையும் எடுத்துக்கொள்ளலாம்.

ஃபில்டரை முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரவு பதினொரு மணிக்குப் பழைய ஃபில்டர் அடைத்திருப்பதைக் கண்டால், மாற்ற ஒன்று இல்லாமல் அதையே தட்டித் திரும்பச் செருகிவிடுவார்கள். அதன் பிறகு பார்க்கும் எந்தச் சோதனையும் சரியான பதிலைத் தராது.

எல்லை எது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்டாரியோவில் எரிவாயுக் குழாய், வால்வு, பர்னர் வேலைகளை டிஎஸ்எஸ்ஏ என்ற பாதுகாப்பு ஒழுங்குமுறை அமைப்பின் உரிமம் பெற்றவர்தான் செய்யலாம். ஃபில்டர், காற்று வழி, வடிநீர்க் குழாய், வெளிச் சுவரிலுள்ள குழாய் வாய், விளக்கின் சிமிட்டலைப் படிப்பது ஆகியவை வீட்டுக்காரரின் வேலை. ஃபர்னேஸ் நின்ற வீடுகளில் நான் கண்ட காரணங்களில் நிறைய இந்த இரண்டாவது பட்டியலுக்குள்தான் இருந்தன.

3. ஃபர்னேஸ் எரியும் வரிசையை மனத்தில் பதியுங்கள்

இதைப் படிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிய, எந்த வரிசையில் போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

தெர்மோஸ்டாட் வெப்பம் கேட்டு 24 வோல்ட் சமிக்ஞை அனுப்புகிறது. கன்ட்ரோல் போர்டு முதலில் இரண்டைப் பார்க்கிறது: அளவுக்கு மீறிய சூட்டில் திறக்கும் லிமிட் சுவிட்ச் மூடியிருக்கிறதா, பிரஷர் சுவிட்ச் திறந்திருக்கிறதா. மூடியிருந்தால் மின்சாரம் பாயும், திறந்திருந்தால் பாதை அறுந்திருக்கும். இரண்டும் சரியென்றால் இன்டியூசர் என்ற சிறிய மோட்டார் சுழன்று, புகையை வெளியே இழுக்கத் தொடங்கும். அந்த இழுவை போதுமான அளவுக்கு வந்ததும் பிரஷர் சுவிட்ச் 'டிக்' என்று மூடும்.

அதன் பிறகுதான் வாயுவைப் பற்றவைக்கும் இக்னைட்டர் செக்கச்சிவக்கக் காய்கிறது. வால்வு திறந்து வாயு வந்து, பர்னர்கள் வரிசையாகப் பற்றிக்கொள்கின்றன. சுடர் உண்மையிலேயே எரிகிறதா என்பதைச் சுடர் உணரி என்ற மெல்லிய கம்பி சில நொடிகளில் போர்டுக்குச் சொல்லிவிடும். ஏறக்குறைய அரை நிமிடம் கழித்துப் பெரிய விசிறியான புளோயர் ஓடி, சூடான காற்று அறைகளுக்குப் போகிறது.

பிரஷர் சுவிட்ச் தொடக்கத்தில் திறந்திருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். சிலர் அந்தச் சுவிட்சின் இரு முனைகளையும் வயர் துண்டால் இணைத்துவிட்டு, ஃபர்னேஸ் இப்போது அசையவே இல்லை என்று திகைக்கிறார்கள். இன்டியூசர் சுழல்வதற்கு முன்பே சுவிட்ச் மூடியிருப்பதைக் கண்டால் போர்டு அதை ஒரு பழுதாகவே எடுத்துக்கொள்ளும். எந்தப் பாதுகாப்புச் சுவிட்சையும் இப்படிக் கடந்து ஃபர்னேஸை ஓட்டாதீர்கள். புகை வெளியேறாத வீட்டில் குடும்பம் தூங்கும் நிலையை அது உண்டாக்கும்.

4. அணைப்பதற்கு முன் விளக்கைப் படியுங்கள்

கீழ்ப்பக்கக் கதவில் சிறிய கண்ணாடி வட்டம் ஒன்று இருக்கும். அதன் வழியே பார்த்தால் போர்டில் ஒரு எல்இடி விளக்கு சிமிட்டுவது தெரியும். எத்தனை சிமிட்டல், அதன் பிறகு எவ்வளவு இடைவெளி என்று எண்ணுங்கள். இதைக் கைபேசியில் ஒரு நிமிடம் படமெடுத்துவிடுவதே நல்லது. பதற்றத்தில் மூன்றை நான்காக எண்ணுவது எனக்கே நடந்திருக்கிறது.

மின்சாரத்தை அணைத்தால் பல போர்டுகளில் இந்தக் குறி போய்விடும். சில போர்டுகள் பழைய குறிகளைச் சேமித்து வைக்கும், எல்லாம் அப்படியல்ல. அதனால்தான் இந்தப் படி எல்லாவற்றுக்கும் முன்னே நிற்கிறது.

குறிகளின் பட்டியல் அதே கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். எண்ணி முடித்த பிறகு கதவைக் கழற்றி அதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் தேடி வேறு நிறுவனத்தின் பட்டியலை நம்பாதீர்கள். ஒரு நிறுவனத்தில் மூன்று சிமிட்டலுக்கு உள்ள பொருள் இன்னொன்றில் இல்லை. சிலவற்றில் குறுஞ்சிமிட்டலும் நெடுஞ்சிமிட்டலும் சேர்ந்து ஈரிலக்க எண்ணாகும். கேரியர் ஃபர்னேஸில் மூன்று குறுகியதும் ஒரு நெடியதும் வந்தால் 31, அதாவது பிரஷர் சுவிட்ச். மூன்று குறுகியதும் மூன்று நெடியதும் என்றால் 33, அதாவது லிமிட் சுற்று.

பல ஃபர்னேஸ்களில் லிமிட் சுவிட்சும், சுடர் வெளியே எட்டினால் திறக்கும் ரோல்அவுட் சுவிட்சும் ஒரே தொடரில் இணைக்கப்பட்டிருக்கும். எது திறந்தாலும் ஒரே குறிதான் வரும். லிமிட் என்று காட்டியதும் ஃபில்டரை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாகிவிடக் கூடாது என்பது இதனால்தான். 8-ஆம் பகுதியையும் படியுங்கள்.

5. ஒரு முழுச் சுற்றை உட்கார்ந்து பாருங்கள்

குறியைக் குறித்துக்கொண்டாயிற்று. இப்போது கதவைச் சரியாக மூடி, ஃபர்னேஸ் சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்துப் போடுங்கள். தெர்மோஸ்டாட்டை அறை வெப்பத்தைவிட மூன்று டிகிரி உயர்த்துங்கள். பிறகு ஃபர்னேஸ் முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். இந்தப் பத்து நிமிடத்தைச் செலவிட யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. ஆனால் என் வேலையில் பாதி இந்த நாற்காலியில்தான் நடக்கிறது.

எந்த ஒலியும் இல்லையா? 6-ஆம் பகுதிக்குப் போங்கள். இன்டியூசர் மட்டும் உறுமிக்கொண்டே இருக்கிறது, இக்னைட்டர் சிவக்கவில்லை என்றால் பிரஷர் சுவிட்ச் மூடவில்லை. அது 7-ஆம் பகுதி. சுடர் சில நிமிடங்கள் நன்றாக எரிந்து அணைந்து, புளோயர் மட்டும் ஓடினால் லிமிட் சுவிட்ச் வெப்பத்தில் திறந்திருக்கிறது. அது 8-ஆம் பகுதி.

சுடர் பற்றி மூன்று நான்கு நொடிகளில் அணைந்தால் எந்தச் சுவிட்சும் காரணமில்லை. பெரும்பாலும் சுடர் உணரியின் மேல் மாசு படிந்து, அது சுடரைக் காணாமல் போயிருக்கும். அதைத் தேய்த்துச் சுத்தம் செய்வது சிறிய வேலைதான். ஆனால் அது பர்னர் அறைக்குள் இருப்பதால் உரிமம் பெற்றவரிடம் விடுங்கள்.

சில முறை முயன்று தோற்றால் போர்டு தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். பல ஃபர்னேஸ்களில் அந்தப் பூட்டு ஏறக்குறைய ஒரு மணி நேரம் நீடிக்கும். அந்த நேரத்தில் ஒன்றும் ஓடாது. அதைப் பார்த்து எல்லாம் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

6. ஒன்றுமே அசையவில்லை என்றால்

தெர்மோஸ்டாட்டின் பேட்டரி, பிரேக்கர், ஃபர்னேஸ் பக்கத்துச் சுவிட்ச் ஆகியவற்றை இந்த வரிசையில் பாருங்கள். அந்தச் சுவிட்ச் சாதாரண விளக்குச் சுவிட்ச் போலவே இருக்கும். பேஸ்மென்டில் குடியிருப்பவர் விளக்கு என்று நினைத்து அதை அணைத்துவிட்ட வீடுகளுக்கு ஒவ்வொரு குளிர்காலமும் போகிறேன். அதன் மேல் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

அடுத்தது கதவுச் சுவிட்ச். புளோயர் அறையின் கதவு முழுமையாகப் பொருந்தியிருந்தால்தான் அது அழுந்தும். ஃபில்டர் மாற்றிய மறுநாள் ஃபர்னேஸ் நின்றால், கதவு ஒரு விரற்கடை விலகியிருப்பதுதான் வழக்கமான காரணம். கழற்றி, மேல் கொக்கிகளில் மாட்டி, கீழே அழுத்திப் பொருத்துங்கள். அந்தச் சுவிட்சை டேப் போட்டு ஒட்டிவிடாதீர்கள். புளோயர் அறை திறந்த நிலையில் ஓடினால் பேஸ்மென்டுக் காற்றையே உறிஞ்சும். அருகில் சுடுநீர்த் தொட்டி இருந்தால் அதன் புகையும் சேர்ந்து வீட்டுக்குள் வரலாம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் போர்டில் விளக்கே எரியவில்லை என்றால், மின்சாரத்தை அணைத்துவிட்டு போர்டின் ஃபியூஸைப் பாருங்கள். காரில் இருப்பது போன்ற தட்டை ஃபியூஸ்தான், 3 அல்லது 5 ஆம்பியர். அதே அளவில் மாற்றுங்கள். மறுபடி போனால் எங்கோ 24 வோல்ட் வயர் ஒன்றோடொன்று உரசுகிறது. வெளியே ஏசி எந்திரத்துக்குப் போகும் மெல்லிய வயரை முதலில் பாருங்கள். புல் வெட்டும் கருவி அதைக் காயப்படுத்தியிருக்கும். அல்லது எலி கடித்திருக்கும்.

7. பிரஷர் சுவிட்ச் மூடவில்லை: வெளியிலிருந்து உள்ளே வாருங்கள்

சென்ற குளிர்காலத்தில் ஒரு வீடு. வேறொருவர் வந்து பிரஷர் சுவிட்சை இரண்டு முறை மாற்றிவிட்டார். "தம்பி, மூன்றாவதும் மாற்ற வேண்டுமா?" என்று அந்த அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு கேட்டார். சுவிட்சுக்குப் போகும் ரப்பர்க் குழாயைக் கழற்றிச் சாய்த்தேன். ஒரு தேக்கரண்டி அளவு தண்ணீர் என் உள்ளங்கையில் விழுந்தது. அந்தத் தண்ணீர் இழுவையைச் சுவிட்சுக்குப் போகவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. கீழே வடிநீர் அடைத்திருந்ததால் அது மேலே ஏறியிருந்தது. இரண்டு சுவிட்சுகளும் நல்லவை.

இந்தச் சுவிட்ச் பார்ப்பது இழுவையை மட்டும்தான். ஆகவே இழுவையைக் கெடுக்கக்கூடிய ஒவ்வோர் இடத்தையும் பார்க்க வேண்டும். எளிதானதிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் வெளியே போங்கள். சுவரில் இரண்டு வெள்ளைக் குழாய்கள் இருக்கும்: ஒன்று காற்றை உள்ளே எடுக்கும், மற்றது புகையை வெளியே விடும். புகையில் ஈரம் அதிகம் என்பதால் வாயில் பனிக்கட்டி தொங்கும். பனிப்புயலுக்குப் பிறகு காற்றெடுக்கும் குழாய் பனிக்குள் புதைந்திருக்கும். வாகனப் பாதையைத் துப்புரவாக்கும்போது பனியை அந்தப் பக்கமே குவித்திருப்பார்கள். கையால் அகற்றுங்கள். மண்வாரியால் அடித்தால் குளிரில் இறுகிய பிவிசியில் விரிசல் விழுந்துவிடும். கொதிநீரும் ஊற்றாதீர்கள், அதுவே உள்ளே உறைந்து அடைக்கும்.

குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். இலை, குளவிக்கூடு, துணி உலர்த்தியின் பஞ்சு, சில வீடுகளில் குழந்தை போட்ட பந்து. குழாயின் வாயில் வலை இருந்தால் அதில் உறைபனி படிந்து முழுவதும் மூடியிருக்கும்.

அடுத்து உள்ளே வந்து வடிநீரைப் பாருங்கள். இந்த வகை ஃபர்னேஸ் புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து நீராக்குகிறது. கடுங்குளிரில் நாளொன்றுக்குப் பல லிட்டர் சேரும். அது டிராப் என்ற, எப்போதும் நீர் தேங்கி நிற்கும் வளைந்த குழாய் வழியாகத் தரை வடிகாலுக்கோ, ஒரு சிறிய பம்புக்கோ போகிறது. பம்பின் தொட்டி நிறைந்து தளும்புகிறதா? அதற்குள்ளிருக்கும் மிதவைச் சுவிட்சும் ஃபர்னேஸை நிறுத்தக்கூடியது. பம்பின் செருகி பிடுங்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெற்றிட கிளீனரைச் செருகுவதற்காகப் பிடுங்கி, மறந்துவிடுவார்கள்.

டிராப்பைக் கழற்றக்கூடிய அமைப்பு என்றால், மின்சாரத்தை அணைத்து, கீழே வாளி வைத்து, கையுறை அணிந்து கழற்றுங்கள். அந்த நீர் அமிலத்தன்மை கொண்டது. பழுப்பு நிறத்தில் குழகுழவென்று ஒரு படிவு வரும். வெதுவெதுப்பான நீரில் அலசி, திரும்ப மாட்டுவதற்கு முன் டிராப்பில் நல்ல தண்ணீரை நிரப்புங்கள். இதைத்தான் புதியவர்கள் மறக்கிறார்கள். டிராப் காலியாக இருந்தால் இன்டியூசர் அதன் வழியே காற்றை உறிஞ்சிக்கொள்ளும். இழுவை குறைந்து, சுத்தம் செய்த பிறகும் அதே பழுது காட்டும்.

கடைசியாக ரப்பர்க் குழாய். கழற்றுவதற்கு முன் கட்டாயம் படமெடுங்கள். சில சுவிட்சுகளில் இரண்டு குழாய்கள் இருக்கும், இடம் மாறினால் வேலை செய்யாது. வளைத்துப் பார்த்து விரிசல் தேடுங்கள்; முனையில்தான் பெரும்பாலும் விரியும். தண்ணீர் இருந்தால் சாய்த்து வடித்துவிடுங்கள். குழாய் சுவிட்சில் மாட்டியிருக்கும்போது வாயால் ஊதாதீர்கள். உள்ளே இருப்பது மெல்லிய சவ்வு, நம் மூச்சின் அழுத்தமே அதைக் கெடுத்துவிடும். இன்டியூசர் பக்கத்தில் குழாய் சேரும் சிறு துளையும் அடைத்துக்கொள்ளும். மெல்லிய கம்பியை மெதுவாகச் சுழற்றி அதைத் திறக்கலாம்; துளையைப் பெரிதாக்கிவிடக் கூடாது.

எல்லாம் சரி, காற்று பலமாக வீசும் இரவுகளில் மட்டும் நிற்கிறது என்றால், புகைக்குழாயின் வாய் காற்றுக்கு நேரே இருக்கிறது. அதை மாற்றியமைப்பது உரிமம் பெற்றவரின் வேலை. இன்டியூசர் மோட்டார் கீச்சிட்டாலோ, சுழலத் திணறினாலோ அதுவும் அப்படியே.

8. லிமிட் சுவிட்ச் திறந்தால் காற்றைத் தேடுங்கள்

தீயின் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கும் உலோகப் பகுதியான வெப்பமாற்றிக்கு அருகில் காற்று அளவுக்கு மீறிச் சூடானால் லிமிட் சுவிட்ச் திறக்கும். ஆறியதும் தானே மூடிக்கொள்ளும். அதனால் ஃபர்னேஸ் எரிந்து, அணைந்து, மறுபடி எரியும். வீடு ஓரளவு சூடாகத்தானே இருக்கிறது என்று சிலர் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அது ஆபத்தானது. ஒவ்வொரு முறையும் வெப்பமாற்றியின் உலோகம் எல்லை மீறி விரிந்து சுருங்குகிறது. அங்கே விரிசல் விழுந்தால் புகை வீட்டுக் காற்றோடு கலக்கும்.

சூடு கூடுவது ஏனென்றால், தீ அதே அளவில் எரிய, அதன் மேல் ஓடும் காற்று குறைந்துவிட்டது. ஃபில்டரை உருவி விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவாவிட்டால் மாற்றுங்கள். அதன் அம்புக்குறி ஃபர்னேஸை நோக்கி இருக்க வேண்டும். பிறகு டார்ச் அடித்து இடுக்கிற்குள்ளும் பாருங்கள். பழைய ஃபில்டர் வளைந்து உள்ளே போய்விட, அது தெரியாமல் அதன் முன்னால் புதியதைச் செருகியிருந்த வீடு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு ஃபில்டர் வழியாக எந்தப் புளோயராலும் மூச்சுவிட முடியாது.

ஒரு அங்குலத் தடிமனில் மெர்வ் 13 ஃபில்டரைப் போடுவதும் இதே சிக்கலைத் தரலாம் (மெர்வ் என்பது ஃபில்டர் எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்பதன் அளவு). தூசியை நன்றாகப் பிடிக்கும் என்று வாங்குகிறார்கள். அந்த மெல்லிய தடிமனில் அது காற்றையும் பிடித்துவைக்கிறது. மெர்வ் 8 போதும். ஒவ்வாமை உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் நான்கு அங்குல ஃபில்டர் பெட்டி வைப்பது நல்லது.

இனி வீட்டைச் சுற்றி வாருங்கள். காற்று வெளிவரும் வாய்கள் மட்டுமல்ல, காற்றைத் திரும்ப எடுக்கும் பெரிய கிரில்களும் திறந்திருக்க வேண்டும். நம்மவர் வீடுகளில் இதுவே நான் அதிகம் பார்ப்பது. பேஸ்மென்டை வாடகைக்கு விடும்போது அலமாரியோ கட்டிலோ அந்தக் கிரிலை மறைத்துவிடுகிறது. மேலே சோபா அதன் முன் நிற்கிறது. யாரும் இல்லாத அறைகளின் வாய்களை எரிவாயுச் செலவு குறையும் என்று மூடியிருப்பார்கள். செலவு குறைவதில்லை, காற்று தடைபட்டு லிமிட் திறக்கிறது. எல்லாவற்றையும் திறந்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

இதற்கும் மசியவில்லை என்றால் ஏசியின் குளிர்ச்சுருளில் மாசு படிந்திருக்கலாம், புளோயரின் கெப்பாசிட்டர் வலுவிழந்திருக்கலாம், புளோயர் வேகம் தவறாக வைக்கப்பட்டிருக்கலாம். அவற்றை உரிமம் பெற்றவரிடம் விடுங்கள்.

ரோல்அவுட் சுவிட்ச் வேறு. சுடர் வரக்கூடாத பக்கம் வந்தால் மட்டுமே அது திறக்கும். பெரும்பாலும் நடுவில் ஒரு சிறு பொத்தான் இருக்கும், கையால் அழுத்தினால்தான் மூடும். அந்தப் பொத்தானை அழுத்தாதீர்கள். அழுத்தினால் ஃபர்னேஸ் ஓடக்கூடும், அதுதான் பயம். அடைத்த வெப்பமாற்றி, விரிசல், தடைபட்ட புகைவழி என்று அதன் காரணங்கள் எல்லாமே உயிர் சம்பந்தப்பட்டவை. புளோயர் ஓடத் தொடங்கும் கணத்தில் சுடர் அலைபாய்ந்தால் அதுவும் வெப்பமாற்றியில் விரிசல் விழுந்ததன் அறிகுறி. உடனே அணையுங்கள்.

9. மல்டிமீட்டர் தெரிந்தவர்களுக்கு

பெரும்பாலான ஃபர்னேஸ்களில் பிரஷர் சுவிட்சும் லிமிட் சுவிட்சும் மேல் அறையில் இருக்கும். கீழ்க்கதவு மூடியிருக்க மேல் கதவை மட்டும் திறந்து அளக்கலாம். மீட்டரை மாறுமின்னோட்ட (AC) வோல்ட்டில் வைத்து, சுவிட்சின் இரு முனைகளுக்கும் ஒவ்வொரு கம்பியை வையுங்கள். தெர்மோஸ்டாட் வெப்பம் கேட்கும் நேரத்தில் 24 வோல்ட் காட்டினால் சுவிட்ச் திறந்திருக்கிறது. 0 காட்டினால் மூடியிருக்கிறது.

பழகுபவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். 24 வந்தால் சரி என்று நினைக்கிறார்கள். அறுந்த பாதையின் இரு கரைகளுக்கு இடையில்தான் வோல்ட் தெரியும். சுவிட்ச் மூடிவிட்டால் இரு கரையும் ஒன்றாகிவிடும், வித்தியாசம் இருக்காது.

இன்டியூசர் மோட்டாருக்குப் போவது 120 வோல்ட். அதன் இணைப்பின் பக்கம் கையை வைக்காதீர்கள். இதில் தயக்கம் இருந்தால் இந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். வேறெந்தப் படிக்கும் இது தேவையில்லை.

10. ஓடிவிட்டது என்பதால் முடிந்துவிடவில்லை

கதவுகளை மூடி, குறைந்தது மூன்று முழுச் சுற்றுகள் ஓடவிடுங்கள். குளிர்ந்த ஃபர்னேஸ் முதல் சுற்றில் நன்றாக நடந்துகொள்ளும். லிமிட் பழுது இரண்டாம் மூன்றாம் சுற்றில்தான் முகம் காட்டும்.

பதினைந்து நிமிடம் ஓடிய பிறகு, ஃபர்னேஸுக்கு மிக அருகிலுள்ள காற்று வாயில் தெர்மாமீட்டரை வைத்து அளங்கள். காற்றைத் திரும்ப எடுக்கும் கிரிலிலும் அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், ஃபர்னேஸின் பெயர்ப் பலகையில் அச்சிட்ட வெப்ப உயர்வு எல்லைக்குள் வர வேண்டும். பலகையில் 35 முதல் 65 டிகிரி ஃபாரன்ஹீட் என்றிருந்து, உங்கள் அளவு 68-லிருந்து 125 வரை போனால், வித்தியாசம் 57, பரவாயில்லை. வாயில் அளப்பதால் உண்மையைவிடக் கொஞ்சம் குறைவாகவே காட்டும். அப்படியிருந்தும் எல்லையைத் தாண்டினால் இன்னும் எங்கோ காற்று தடைபடுகிறது.

11. அழைக்கும்போது சொல்ல வேண்டியதும், காத்திருக்கும்போது செய்யக் கூடாததும்

"ஃபர்னேஸ் வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். சிமிட்டல் எண்ணிக்கை, எந்தப் படியில் நின்றது, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை நிற்கிறது, நீங்கள் எதையெல்லாம் பார்த்துவிட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். எடுத்த படங்களை அனுப்புங்கள். வருபவர் உரிய பாகத்தோடு வருவார். ஒரு பயணம் மிச்சமாகும். வந்தவரிடம் உரிமத்தைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. நான் கேட்காமலே காட்டுவேன்.

அவர் சுவிட்சை மாற்ற வேண்டும் என்றால், "அது ஏன் திறந்தது?" என்று கேளுங்கள். பதில் இல்லாமல் மாற்ற விடாதீர்கள். உடனடி ஆபத்து என்று சிவப்புச் சீட்டு ஒட்டி எரிவாயுவை அடைத்தால், அவரோடு வாதாடாதீர்கள். அப்படிச் செய்ய அவருக்குக் கடமை உண்டு.

அதுவரை வீட்டைச் சூடாக்க எரிவாயு அடுப்பையோ ஓவனையோ எரியவிடாதீர்கள். கரி அடுப்பையும் பார்பிக்யூவையும் உள்ளே கொண்டுவரவே கூடாது. கார்பன் மோனாக்சைடால் குடும்பங்கள் இறப்பது இப்படித்தான். மின் ஹீட்டர் வைத்தால் ஒரு சர்க்கியூட்டுக்கு ஒன்றே, சுவரில் நேரடியாகச் செருகி, திரைச்சீலையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி. எல்லோரும் ஒரே அறையில் கூடி, கதவடியில் துண்டைச் சுருட்டி வையுங்கள்.

வெளிச்சுவரை ஒட்டிய சமையலறைக் குழாயையும் குளியலறைக் குழாயையும் மெல்லிய நூல் போல ஓடவிட்டு, அவற்றின் கீழுள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். வீட்டு வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கத் தொடங்கினால், நீர் வரும் முதன்மை வால்வு எங்கே இருக்கிறது என்று அப்போதே தேடிப் பார்த்துவிடுங்கள். குழாய் வெடித்த பிறகு இருட்டில் தேட நேரமிருக்காது.